நாடகத் தொடர்ப் பெயர்ப்பில் உறவும் மதிப்பும்: தமிழ் - தெலுங்கு ஒப்பீடு

1. முன்னுரை

தொலைக்காட்சி நாடகத் தொடரொன்றைச் சுவைப்போர் அதன் கதையைப் பற்றியே மிகுதியும் பேசுவர். கொலை செய்தவர் யார், எப்பகுதியில் தொய்வு நேர்ந்தது, எவர் நடிப்புச் சிறந்தது என்பன அப்பேச்சின் பொருள்கள். பாத்திரங்கள் ஒருவரையொருவர் எவ்வாறு விளிக்கின்றனர் என்பதை எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. எனினும், தமிழ்த் தொடரொன்று வேற்றுமொழிக்குச் செல்லும்போது முதலில் சிதைவது இவ்விளிமுறையே ஆகும்.

ஐதராபாத்தின் பேகம்பேட் பகுதியில் வாழும் தமிழ் நேயர் ஒருவர் இதனை எளிதில் உணர இயலும். ஒரே தொடரைத் தமிழிலும் தெலுங்கிலும் கேட்கவும், ஆங்கில அடிவரிகளுடன் பார்க்கவும் அவருக்கு வாய்ப்பு உண்டு. அத்தகைய சுவைஞரின் நிலையில் நின்று இக்கட்டுரை எழுதப்படுகிறது. தமிழிலிருந்து தெலுங்கிற்கு நேரே செய்யப்படும் பெயர்ப்பு, ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்ட பெயர்ப்பினும் மூலத்திற்கு நெருங்கியதாக அமையும் என்பதை நிறுவ இது முற்படுகிறது.

2. கட்டணத் தொடரும் பேச்சு வழக்கும்

அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய எச்.பி.ஓ. அலைவரிசை விளம்பர வருவாயை நம்பாது சந்தாவை நம்பி இயங்கியது. எல்லாரையும் ஒருசேர நிறைவு செய்ய வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எனவே ‘தி சோப்ரானோஸ்’ (1999 - 2007) போன்ற தொடர்கள் நியூ ஜெர்சி வாழ் இத்தாலிய வழியினரின் பேச்சையும், ‘தி வயர்’ (2002 - 2008) பால்டிமோர் நகரத் தெருப்பேச்சையும் விளக்கமின்றிக் கையாள முடிந்தது. ‘கர்ப் யுவர் என்தூசியாசம்’ (2000 - 2024) என்னும் நகைச்சுவைத் தொடரில் உரையாடல் முன்னரே எழுதப்படாமல், கதைக்குறிப்பை மட்டும் கொண்டு நடிகர்களால் அவ்வப்போது அமைக்கப்பட்டது. அதன் நகைச்சுவை பேச்சின் தடுமாற்றத்திலேயே பிறக்கிறது.

நம் நாட்டு நிலை வேறு. 2003இல் கட்டண அலைவரிசைகளுக்கான தனிப்பெட்டி முறை நடைமுறைக்கு வந்த பெருநகரம் சென்னை ஒன்றே. ஏனைய இடங்களில் தொடர்கள் விளம்பரத்தைச் சார்ந்தே வளர்ந்தன. ‘கோலங்கள்’ (2003 - 2009) 1500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடியது. நாள்தோறும் ஓடும் தொடரில் பேச்சு, வட்டாரச் சாயல் குறைந்த பொதுப்பேச்சாக மாறுவது இயல்பு. இதற்கு விலக்காக நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையைச் சுட்டலாம். 1990களின் பிற்பகுதியில் வாரம் ஒருமுறை ஒளிபரப்பான அவ்வரிசையின் ‘விடாது கருப்பு’ சிற்றூர்ப் பேச்சைக் கதையின் உறுப்பாகவே கொண்டிருந்தது. இணையவழிச் சந்தாத் தளங்கள் வந்தபின் அவ்வுரிமை மீண்டும் கிடைத்துள்ளது. 2022 ஜூன் 17 அன்று வெளியான ‘சுழல்’ எட்டே பகுதிகளைக் கொண்டது; ஒரே நேரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளின் நேயர்களை நோக்கி அது சென்றது. உரிமை விரிந்த அளவிற்குப் பெயர்ப்பின் பொறுப்பும் விரிந்தது எனலாம்.

3. உறவுப் பெயர்கள்

‘சித்தி’ (1999 - 2001) தெலுங்கில் ‘பின்னி’ என்னும் பெயரோடு ஜெமினி தொலைக்காட்சியில் வந்தது. இத்தலைப்புப் பெயர்ப்புக் கூர்ந்து நோக்கத்தக்கது. தமிழில் சித்தி என்பது தாயின் தங்கை, சிற்றப்பனின் மனைவி, தந்தையின் இரண்டாம் மனைவி ஆகிய மூவரையும் குறிக்கும். கதைத்தலைவி மூன்றாம் பொருளில் சித்தியாகிறாள். ஆனால் முதற்பொருளின் அன்பையும் அச்சொல் உடன் கொணர்கிறது. மாற்றாந்தாய் என்னும் கடுமைக்கும் சிற்றன்னை என்னும் கனிவுக்கும் இடையிலுள்ள இழுபறியே அத்தொடரின் உயிர். தெலுங்கின் ‘பின்னி’ அவ்விழுபறியை அப்படியே ஏற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்டெப்மதர்’ என்றால் கனிவு போகும். ‘ஆன்ட்டி’ என்றால் உறவே போகும்.

‘சுழல்’ தொடரிலும் இத்தகைய நிலை உண்டு. தொழிற்சங்கத் தலைவர் சண்முகமும் காவல் ஆய்வாளர் ரெஜினாவும் எதிரெதிர் அணியில் நிற்பவர்கள். சண்முகத்தின் இளைய மகளும் ரெஜினாவின் மகனும் ஒருவரையொருவர் விரும்பியது தெரிய வரும்போது இவ்விரு பெற்றோரும் புதியதொரு உறவின் வாயிலில் நிறுத்தப்படுகின்றனர். இந்நிலைக்குத் தமிழில் ‘சம்பந்தி’ என்றும் தெலுங்கில் ‘விய்யங்குடு’ என்றும் சொல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லை. சொல் வெளிப்பட வராவிடினும், அவ்வுறவு நேயர் மனத்தில் ஆயத்தமாக இருப்பதால் காட்சிக்கு அழுத்தம் கூடுகிறது. இவ்வழுத்தம் தெலுங்கு நேயருக்கு இயல்பாகவே கிட்டும். அடிவரியை மட்டும் படிப்பவர்க்கு நடிப்பிலிருந்தே பெற வேண்டியதாகிறது.

4. தன்மையும் முன்னிலையும்

தமிழின் நாம், நாங்கள் என்னும் வேறுபாடு தெலுங்கில் மனமு, மேமு என நிற்கிறது. ஆங்கிலத்தின் ‘வீ’, இந்தியின் ‘ஹம்’ ஆகியவை இதனைக் காட்டா. துப்பறியும் தொடருக்கு இது சிறிய செய்தியன்று. காணாமற்போன பெண்ணின் தந்தையிடம் காவலர் ஒருவர் ‘நாம கண்டுபிடிச்சிடலாம்’ என்று சொல்வதாகக் கொள்வோம். தந்தையையும் உளப்படுத்தி ஆறுதல் தருகிறார் அவர். ‘நாங்க கண்டுபிடிச்சிடுவோம்’ என்றால் தந்தையை விலக்கி நிறுத்துகிறார். அதில் ஐயமும் ஒளிந்திருக்கலாம். இரண்டும் ஆங்கில அடிவரியில் ஒரே வாக்கியமாக முடிகின்றன. அவ்வடிவரியிலிருந்து தெலுங்கிற்குப் பெயர்ப்பவர் மனமு, மேமு என்பவற்றுள் ஒன்றை ஊகித்தே இட வேண்டும். மூலத்தில் இருந்ததும் இலக்குமொழியில் இருப்பதுமான வேறுபாடு இடையில் தொலைந்து, பின்னர் ஊகத்தால் நிரப்பப்படுகிறது. இடைமொழிப் பெயர்ப்பின் பெருங்குறை இதுவே.

நீ, நீங்கள் என்பவற்றிற்கும் இது பொருந்தும். தெலுங்கில் நுவ்வு, மீரு உள்ளன. ஒருவர் ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு மாறும் கணம் கதையின் திருப்பமாக இருக்கக்கூடும். ஆங்கிலத்தில் அத்திருப்பம் ஒலியின்றிக் கடந்து செல்கிறது.

5. நேர்ப்பெயர்ப்பின் எல்லைகள்

தெலுங்கு அனைத்தையும் தாங்கும் என்று கொள்வதும் பிழையாகும். முதலாவது, பால் காட்டும் முறை. தமிழில் ‘வந்தாள்’, ‘வந்தது’ என வேறுபடுபவை தெலுங்கில் ‘வச்சிந்தி’ என ஒன்றாகின்றன. பெண்ணைச் சுட்டும் ஒருமை வினையை எண்ணிப் பார்த்தே அமைக்க வேண்டியுள்ளது.

இரண்டாவது, கிளைமொழி. 2021 ஜூன் 4 அன்று வெளியான ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பருவம் சென்னைக் காட்சிகளில் தமிழைத் தமிழாகவே விட்டுவைத்தது பாராட்டுக்குரியது. ஆனால் அதன் ஈழப் பாத்திரங்களின் பேச்சில் ஈழத்து இயல்பு நன்கு அமையவில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. யாழ்ப்பாண வழக்கில் நீ, நீர், நீங்கள் என முன்னிலை மூன்று படிகளாக நிற்கிறது. வருகினம் போன்ற வினைகள் உண்டு. மூலத்திலேயே அவை குன்றினால் பெயர்ப்பாளரைக் குறை கூறுவதில் பயனில்லை.

மூன்றாவது, பண்பாட்டுச் சொல். ‘சுழல்’ கதையின் பின்னணி, மாசி மாதத்தில் மகாசிவராத்திரியை அடுத்து அங்காளம்மன் கோயில்களில் நிகழும் மயானக் கொள்ளை. சிக்கந்தராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயிலின் போனாலு விழாவும், அதில் அருள்வாக்குக் கூறும் ரங்கமும் ஐதராபாத் நேயர்க்கு நன்கு அறிமுகமானவை. அவற்றைக் கொண்டு மயானக் கொள்ளையை விளக்க முனைவது எளிது, ஆயினும் தகாது. போனாலு அன்னைக்குப் படையலிடும் விழா. மயானக் கொள்ளையோ சுடுகாட்டில் நிகழ்வது; அச்சமும் சூறையும் அதன் பெயரிலேயே உள்ளன. இங்குப் பெயரை அவ்வாறே நிறுத்திக் காட்சியை விளக்க விடுவதே முறை.

6. முடிவுரை

நல்ல தொடர் எது என்னும் வினாவிற்குச் சுவைஞர் ஒவ்வொருவரிடமும் ஒரு விடை உண்டு. பாத்திரங்களின் உறவு அவர்தம் விளிச்சொல்லிலேயே புலப்படும் தொடரே நல்ல தொடர் என்பது இக்கட்டுரையாளரின் விடை. அவ்வகையில் ‘விடாது கருப்பு’ இன்றும் முன்னிற்கிறது. ‘சுழல்’ அதனை அடுத்து வைக்கத்தக்கது.

2008இல் தொடங்கப்பெற்ற தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் அறிவுநூல்களின் பெயர்ப்பில் கருத்துச் செலுத்துகிறது. நாள்தோறும் இல்லங்களில் கேட்கப்படும் தொடர்ப் பெயர்ப்போ ஆய்வாளர் பார்வைக்கு அரிதாகவே வருகிறது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே அறிந்தோர் பேகம்பேட், சிக்கந்தராபாத் பகுதிகளில் பலர் உளர். அவர்களைக் கொண்டு நேரே பெயர்க்கச் செய்வது, ஆங்கில அடிவரியைப் பெயர்ப்பதைவிடக் காலம் மிகுதியாகக் கொள்ளலாம். ஆயினும் இரு மொழிக்கும் பொதுவாக உள்ள செல்வத்தை மூன்றாவது மொழியின் வாயிலில் இழந்துவிட்டு வருவதனினும் அது சிக்கனமானதே.