அசல் தகடு என்னும் சாக்கு

தில்லியில் பழைய கார் புதுப்பிப்பவர்களிடம் ஒரு வாதம் உண்டு. காரின் தரைத்தகட்டில் ஒடுக்கு விழுந்திருந்தால் எப்பாடு பட்டாவது தட்டி நிமிர்த்த வேண்டும். வெட்டியெடுத்து வேறு தகடு வைத்தால் வண்டியின் அசல்தன்மை போயிற்று. 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென விதி வகுத்த பிறகு இதற்குச் சட்டத்தின் சாயலும் வந்துவிட்டது. 50 வயது கடந்த வண்டிக்கு ‘விஏ’ வரிசை எண் வேண்டுமானால் அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. ஆகவே சுத்தியல் பிடிப்பவர் காப்பவர், வெல்டிங் வைப்பவர் அழிப்பவர் என்று ஆகிவிட்டது.

சுத்தியலுக்குரிய மரியாதையை மறுப்பதற்கில்லை. துருவேறாத தகட்டில் ஜாக்கியைத் தவறான இடத்தில் முட்டுக்கொடுத்ததால் விழுந்த ஆழமில்லாத பள்ளத்தை, நல்ல டிங்கர் ஒருவர் மரச்சுத்தியலும் டாலி என்னும் தாங்கு இரும்பும் கொண்டு தடம் தெரியாமல் எடுத்துவிடுவார். செலவும் குறைவு. பட்டறையில் மடித்துச் செய்யும் மாற்றுத் தகட்டில், ஆலையில் அச்சில் அழுத்திய வரிப்பள்ளங்கள் அதே கூர்மையோடு வராது என்பதும் உண்மை. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய கார்கள் பலவற்றில் தரையே மரப்பலகை என்பதால் அவற்றுக்கு இந்த வழக்கே இல்லை.

வழக்கு அம்பாசிடருக்கும் ஃபியட் 1100க்கும்தான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனி அடிச்சட்டம் இருந்தது. இவை இரண்டுக்கும் கிடையாது. கூடுதான் எலும்பு. சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தரைத்தகடு அந்த வரிப்பள்ளங்களால்தான் விறைப்பாக நின்று, இருபக்க வாசற்படிப் பெட்டிகளையும் பிணைத்து, வண்டி முறுக்கிக்கொள்ளாமல் காக்கிறது. ஒடுக்கு விழும்போதே அந்த இடத்தில் இரும்பு நீண்டுவிடுகிறது. டாலியை அடியில் வைத்து மேலே தட்டத் தட்ட அது இன்னும் நீள்கிறது, மெலிகிறது, இறுகிப்போகிறது. கூடிப்போன பரப்புக்குப் போக இடமில்லை. தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் ஒரு மூலையை இழுத்துக் கட்டினால் தொய்வு இன்னொரு மூலைக்குப் போவதுபோல, இங்கே தட்டினால் அங்கே உப்புகிறது. காலை வைத்தால் ‘டப்’பென்று உள்வாங்கி, எடுத்தால் மீண்டும் மேலே வருகிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. காசளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரத்துணியால் குளிரவைத்தால் இரும்பு சுருங்கும். புள்ளி புள்ளியாகச் செய்ய வேண்டிய வேலை. அவசரப்பட்டால் தகடு இன்னும் கோணும். கண்காட்சிக்குள் வண்டி தயாராக வேண்டும் என்று உரிமையாளர் நெருக்கும்போது இதற்கு யார் காத்திருப்பார்கள்? மிச்சப் பள்ளத்தில் பட்டி அப்பித் தேய்த்து, மேலே கறுப்பு அண்டர்கோட்டிங் பூசினால் பார்வைக்குச் சமதளம். அசையும் தகட்டின் மேல் பூசிய பட்டி வெடிக்காமல் இராது. வெடிப்பில் நீர் இறங்கினால் கார்ப்பெட்டுக்கடியில் சத்தமில்லாமல் துரு தொடங்குகிறது. பெருமழையில் மின்டோ பாலத்தடி குளமாகிற ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

இதைவிடப் பெரிய குற்றம், தட்டும்போது வண்டி எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்காதது. செங்கல்லும் ஜாக்கியும் முட்டுக்கொடுத்த கூடு தன் எடையிலேயே தொய்ந்திருக்கும். மட்டம் பார்க்காமல், குறுக்கு அளவு எடுக்காமல், அந்தத் தொய்வுக்கேற்பத் தரையை நிமிர்த்தி முடித்தால் கோணலே நிரந்தரமாகிவிடும். அப்புறம் கதவு சேராது, கதவைத் தட்டுவார்கள். கதவு சேர்ந்ததும் ஃபெண்டரோடு இடைவெளி ஒத்துவராது, அங்கேயும் பட்டி.

இத்தனைக்குப் பிறகும் ‘அசல்’ என்கிறார்கள். தடிமன் போயிற்று, வரிப்பள்ளம் மழுங்கிற்று, விறைப்பும் இல்லை. இரும்பு மட்டும் பழசு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற துரின் சாசனம் பாதுகாப்பைத்தான் முதலில் வைக்கிறது. ஆனாலும் மாற்றுப் பாகத்தை அது விலக்கவில்லை. மாற்றியதை அடையாளமிட்டு வைக்கச் சொல்கிறது. மக்கிய தகட்டை வெட்டி, அதே தடிமனில் ஒட்டுவைத்து, ஓரத்தில் ஆண்டைப் பொறிப்பவர் எதையும் மறைப்பதில்லை. மறைப்பது பட்டிதான். நம் விதி சொல்லும் பெரிய மாற்றத்தில் ஒரு சாண் ஒட்டையும் சேர்த்துப் பயப்படுவது உரிமையாளர்கள் தாங்களே கட்டிக்கொண்ட பூச்சாண்டி என்றே எண்ணுகிறேன்.

ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் பழைய கார் பேரணி 1964 முதல் நடக்கும் ஊர் இது. பழைய கார்மீது தில்லிக்குள்ள காதலை யாரும் ஐயுறப்போவதில்லை. ஆனால் தட்டி நிமிர்த்திய தரையின் தடிமனை இடம்வாரியாக எழுதித் தாருங்கள் என்று ஒரு பட்டறையில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதை அளக்கும் கருவியே அங்கே இருக்காது.