மலைச் சிறுவனின் ‘நான்’: கல்வியில் தன்வரலாற்றின் இடம்

கள்ளக்குறிச்சியினின்று மேற்கே சென்று கல்வராயன் மலைமேல் ஏறுவோர், அம்மலையைக் குறித்த ஏதேனும் ஒரு கதையை முன்னரே கேட்டவராகவே ஏறுகின்றனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, சாராயம் காய்ச்சும் மலை என்று இதன் பெயர் நாடெங்கும் அடிபட்டது. உயிர்களைப் பறித்தது மெத்தனால் என்னும் தொழிற்சாலைப் பொருள். அது மலையில் விளைவதன்று. எனினும் பழி மலைமேல் நின்றது. காவல்துறையினர் மலைமக்களைப்பற்றி எழுதினர், செய்தியாளர் எழுதினர், சென்னை உயர் நீதிமன்றமும் தானே முன்வந்து அவர்தம் வாழ்நிலையை விசாரித்தது. மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் பயிலும் மலையாளிப் பழங்குடிச் சிறுவன் தன்னைப்பற்றித் தானே எழுதியது எங்கே?

இக்கேள்வி கல்வியாளரை மட்டும் சார்ந்ததன்று. பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்திவந்த திருச்சபைக்கும், நாளை அவற்றில் பொறுப்பேற்கவிருக்கும் இறையியல் மாணவருக்கும் அது உரியது. தன்வரலாற்று எழுத்தை வகுப்பறையில் பயன்படுத்துதல் நன்று என்று இந்நாளில் பலரும் கூறுகின்றனர். எவ்வகைத் தன்வரலாறு, யாருடைய அச்சில் வார்க்கப்பட்டது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சாட்சி என்னும் அச்சு

நம் சபைகளில் தன்வரலாற்றுக்கு ஒரு வடிவம் நெடுங்காலமாக நிலைத்துள்ளது, அதுவே சாட்சி. முன்பு இருளில் இருந்தேன். ஒரு நாள் ஒளி கண்டேன். இப்பொழுது இவ்வாறு இருக்கிறேன் என்னும் மூன்று படிகள் அதற்குண்டு. இவ்வடிவத்திற்கு வேதாகமத்தில் ஆதாரம் இல்லாமலில்லை. ஆயினும் பவுல் அப்போஸ்தலன் தம் மனமாற்றத்தை எருசலேம் மக்கள் முன்பாகக் கூறிய விதமும் (அப். 22), அகிரிப்பா முன்பாகக் கூறிய விதமும் (அப். 26) ஒன்றல்ல. கேட்போரையும் சூழலையும் அறிந்து, அதே வாழ்வை அவர் வேறு வேறாக எடுத்துரைத்தார். நாமோ ஒரே அச்சை எல்லாருக்கும் கொடுத்துவிட்டோம்.

இதன் விளைவை விடுதிகளில் பணியாற்றியோர் அறிவர். தன்னைப்பற்றி எழுதுமாறு கூறப்பட்ட மலைச் சிறுவன், எழுதத் தொடங்குமுன் ஆசிரியரின் முகத்தை நோக்குகிறான். எது எதிர்பார்க்கப்படுகிறதென்று அவனுக்குத் தெரியும். தன் தாய் சாமை குத்திய முற்றத்தையும், தந்தை வெளிமாநிலத் தோட்டத்திற்குக் கூலி வேலைக்குச் சென்ற நாளையும் ‘அறியாமை’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, பள்ளி தனக்கு அளித்த வெளிச்சத்தைப் புகழ்ந்து முடிக்கிறான். மொழி பிழையற்றது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் தன் பெற்றோரை இருளென்று எழுதுவதே அவன் கற்ற முதற்பாடமாகிறது. மதச்சார்பற்ற பள்ளிகளில் மனந்திரும்புதலின் இடத்தில் ‘முன்னேற்றம்’ என்னும் சொல் நிற்கிறது, அச்சு மாறவில்லை.

2. இரு நூல்கள் கற்பிப்பவை

கிறிஸ்தவ உலகின் தன்வரலாறுகளில் தலையாயது, ஏறத்தாழ கி.பி. 400-ஐ ஒட்டி அகுஸ்தீன் எழுதிய ‘அறிக்கைகள்’. மேற்கூறிய மூன்று படிகளுக்கு முன்மாதிரியாக அதனைக் காட்டுவது வழக்கம். நூலை ஊன்றிப் படிப்போர் வேறொன்றைக் காண்பர். முதற் பகுதியிலேயே அவர் தம் பள்ளி நாள்களை விசாரணைக்கு உட்படுத்துகிறார். தாம் அடிபட்டதையும், அடிபடாதிருக்கத் தேவனை நோக்கி வேண்டியதையும், பெரியோர் அதைக் கண்டு நகைத்ததையும் அவர் மறக்கவில்லை. கிரேக்க மொழியை வெறுத்ததையும், வெர்ஜிலின் காவியத்தில் டைடோ அரசிக்காகக் கண்ணீர் சிந்தியவர் தம் நிலைக்காகச் சிந்தாததையும் ஆராய்கிறார். ஆகவே அந்நூலில் மாணவன் மட்டும் அறிக்கையிடவில்லை. அவன் வழியாகப் பள்ளியும் நியாயத்தீர்ப்புக்குள்ளாகிறது. பள்ளியைக் கேள்வி கேட்கும் இவ்வுரிமையை நம் மாணவனுக்கு நாம் வழங்கியதுண்டோ?

இரண்டாவது நூல் நம் நாட்டினது. 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, கத்தோலிக்கத் தலித் பெண் ஒருவர் கன்னியர் மடத்தினின்று வெளியேறியபின் எழுதியது. ஆண்டு முறைப்படி வாழ்வை அடுக்காமல், தெரு, தொழில், விளையாட்டு, வழிபாடு எனப் பொருள் வாரியாக அது செல்கிறது. தம் மக்கள் பேசும் மொழியிலேயே அவர் எழுதினார். பனைமட்டையின் கருக்கையும், எபிரெயர் நிருபம் கூறும் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தையும் அத்தலைப்பு ஒருங்கே நினைவூட்டுகிறது. பள்ளியும் திருச்சபையும் தம்மை உயர்த்தின என்று எழுதி முடிக்கும் எளிய வழியை அவர் ஏற்கவில்லை. கல்வியின் பயனையும், அக்கல்விக்கூடத்தினுள் இருந்த சாதியையும் ஒருசேரக் கூறினார். அந்நூலில் ‘நான்’ என்பது பெரும்பாலும் ‘நாங்கள்’ என்பதினின்று பிரியாமலே நிற்கிறது.

இந்நூல்களை மலைச் சிறுவர் பின்பற்றுவதற்கான மாதிரிகளாகக் கொடுத்தல் தவறு. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1942-இல் அவர் மறைவினால் முற்றுப்பெறாமல் நின்றது. ஆயினும் அது நிறைவான நூல். வாழ்வை எழுதுவதற்கு வெற்றியான முடிவு வேண்டியதில்லை என்று அது காட்டுகிறது. இத்தகைய நூல்கள் நம் மாணவருக்குத் தரவேண்டியது துணிவு ஒன்றே.

3. மலையின் கூட்டு நினைவு

மலையாளிகள் பேசுவது தமிழே. மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்த உடன்பிறந்தார் என்றும், அவர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களிடையே வழங்கும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் பதிவு செய்தார். கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் அது முடிவுக்கு வந்தது. ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைத்த நாள்களை நினைவுகூரும் பாட்டன் பாட்டியர் இன்றும் உண்டு. பாடநூலில் இடம்பெறாத இவ்வரலாறு பேரனின் ஏட்டில் இடம்பெறக்கூடும்.

உபாகமம் 26-ஆம் அதிகாரம் இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும் இஸ்ரவேலன், அலைந்து திரிந்த தன் தகப்பனைக் கூறித் தொடங்கி, எகிப்தியர் தங்களை ஒடுக்கியதைச் சொல்லி, பிறகே தன் கையிலுள்ள விளைச்சலைக் கூறுகிறான். அவன் தன் தகப்பனை இருளென்று தள்ளவில்லை. தகப்பனின் அலைச்சலிலேயே தேவனுடைய செயலைக் காண்கிறான். மலைச் சிறுவனும் இவ்வாறு தொடங்கலாகாதோ?

4. ஆசிரியருக்குரிய எல்லை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எழுதச் சொல்பவர் அதிகாரமுடையவர், எழுதுபவன் சிறுவன். உள்ளத்தைத் திறக்குமாறு கட்டளையிடுதலும் ஒரு வன்முறையே. கல்வராயன் மலைக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-இல் அரசு ஊழியரால் கொடுமைக்குள்ளான மலையாளிப் பெண்கள் நீதிமன்றத்தில் தம் வாயால் சாட்சி கூறினர். தீர்ப்பு 2011-இல் வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. தன் வாழ்வைத் தானே சொல்வதற்கு எத்துணை விலை கொடுக்க நேரிடும் என்பதை அப்பெண்கள் அறிவர். அச்சொல்லை ஒரு வீட்டுப்பாடமாகக் கருதலாகாது.

ஆதலின் சில நெறிகளைக் கூறத் துணிகிறேன். துயரத்தை எழுதச் சொல்லித் தொடங்காமல், ஒரு கருவி, ஒரு வழித்தடம், ஒரு சமையல் ஆகியவற்றிலிருந்து தொடங்குக. வீட்டுப் பேச்சுமொழியைச் சிவப்பு மையால் அடிக்காதிருக்க. எழுதியதை மறைத்துக்கொள்ளும் உரிமை மாணவனுக்கு இருக்கட்டும். அவன் இசைவின்றி அதனை நன்கொடையாளருக்கான அறிக்கையிலோ ஆராதனையிலோ பயன்படுத்தாதிருக்க. முதலில் ஆசிரியர் தம் வாழ்வினின்று ஒரு பக்கம் எழுதி வகுப்பில் வாசிக்க. அதில் தம் பள்ளி தமக்குச் செய்த நன்மையும் தீமையும் இடம்பெறட்டும்.

யோவான் 9-இல் பார்வையடைந்த மனிதனைப் பரிசேயர் மீண்டும் மீண்டும் வினவினர். தாங்கள் விரும்பிய விடை வரவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். பெற்றோர் அஞ்சி ஒதுங்கினர். அவனோ தான் அறிந்ததை மட்டும் கூறினான். அறியாததை அறியேன் என்றான். அதற்காகப் புறம்பே தள்ளப்பட்டான். அவனைத் தேடிச் சென்று கண்டவர் இயேசு. நம் வகுப்பறைகளில் அந்தப் பரிசேயரின் இருக்கையில் அமர்ந்திருப்போர் யார் என்பதை, மலைச் சிறுவனின் ஏட்டைக் கையிலெடுக்குமுன் நாம் ஒவ்வொருவரும் ஆராய்ந்து பார்ப்போமாக.