பறக்கும் ரயில் தரையைத் தொடவே இல்லை

எங்கள் சித்தப்பா பையன் மயிலாப்பூரிலிருந்து ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குக் கிளம்பினான். முகவரியில் 'பெருங்குடி' என்று இருந்தது. பறக்கும் ரயிலிலும் பெருங்குடி என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, திருமயிலையில் டிக்கெட் எடுத்து ஏறிவிட்டான். "அண்ணா, இறங்கிட்டேன். கம்பெனி எந்தப் பக்கம்?" என்று போன் வந்தபோது எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஸ்டேஷன் இருப்பது தரமணிக்கும் வேளச்சேரிக்கும் நடுவில். கம்பெனி இருப்பது ஓ.எம்.ஆரில், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். கடைசியில் ரயிலுக்குக் கொடுத்ததைப் போல இருபது மடங்கு ஆட்டோவுக்குக் கொடுத்துப் போய்ச் சேர்ந்தான்.

வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள், அது வேறு கதை. ஆனால் அந்த போன் வந்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இந்த ரயில் ஏன் தான் போகும் ஊரோடு இப்படி ஒட்டாமல் நிற்கிறது?

சென்னைக்காரர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "அது வேஸ்ட் சார், யாரும் ஏறல, வீழ்ந்து போச்சு." பத்திரிகைகளிலும் பெரும்பாலும் இதே தொனிதான். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. வீழ்வதற்கு முதலில் ஒரு முறையாவது முழுதாக எழுந்திருக்க வேண்டும். இந்த வழித்தடத்தை யாரும் கடைசி வரை கட்டி முடிக்கவே இல்லை என்பதுதான் என் கட்சி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தேதிகள். நகரத்துக்குள் உயர்த்தப்பட்ட பாதையில் ஒரு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1970களிலேயே தொடங்கிவிட்டது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடியது 1995 நவம்பரில். திருமயிலை வரை நீண்டது 1997 அக்டோபரில். அங்கிருந்து திருவான்மியூர் போக 2004 ஜனவரி ஆகிவிட்டது. தரமணி, பெருங்குடி வழியாக வேளச்சேரி சேர்ந்தது 2007 நவம்பரில். கடற்கரை முதல் வேளச்சேரி வரை இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு, அதுவும் முதல் ரயில் ஓடிய பிறகு! நடுவில் விட்டுப்போன முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன் திறந்தது 2014-ல்.

இந்த மெதுவான வேகத்துக்குப் பின்னால் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று பாதை பற்றியது, மற்றது பணம் பற்றியது.

பாதையை எடுத்துக்கொள்வோம். சேப்பாக்கத்தைத் தாண்டி ரயில் தெற்கே பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் போகிறது. கால்வாயின் வடக்குப் பகுதியை 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் தொடங்கினார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877-78ல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்காகவும் கஞ்சிக்காகவும் மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய் அது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. வெட்டியவர்கள் பெயர் ஒன்றும் இல்லை. உப்பும் விறகும் படகில் வந்த காலம் போய், கால்வாய் சாக்கடையாகிவிட்ட பிறகு, திட்டம் போட்டவர்கள் கண்ணுக்கு அது காலி நிலமாகத் தெரிந்தது. வீடுகளை இடிக்க வேண்டாம், இழப்பீடு கொடுக்க வேண்டாம், கோர்ட்டுக்குப் போகிறவர்களும் குறைவு. கால்வாய்க்குள்ளேயே தூணை நட்டார்கள். மழைத் தண்ணீர் வடிய வேண்டிய இடம் குறுகியது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அப்போதே எதிர்த்தார்கள்.

காசு மிச்சமானது உண்மை. ஆனால் சாக்கடையோரத்துக்கு யாரும் வாசல் வைத்து வீடு கட்டுவதில்லை. கால்வாய்க் கரை என்பது எல்லாத் தெருவுக்கும் கொல்லைப்புறம். ஆக ரயில் நிலையங்களும் நகரத்தின் கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்தன. பஸ் நிற்கும் இடம், கடைத்தெரு, ஆஸ்பத்திரி எல்லாம் வேறு பக்கம். பல ஸ்டேஷன்களுக்கு ஒரு சந்துக்குள் நுழைந்து, கால்வாயைத் தாண்டி, பிறகு இரண்டு மூன்று மாடி ஏற வேண்டும். நிலம் எங்கே சுலபமாகக் கிடைத்ததோ அங்கே ரயில் போனது, ஜனங்கள் எங்கே இருந்தார்களோ அங்கே இல்லை.

அடுத்தது பணம். முதல் கட்டத்தின் செலவு ரயில்வேயுடையது. இரண்டாம் கட்டத்தில் மாநில அரசு மூன்றில் இரண்டு பங்கு போட்டது, மீதி ரயில்வே. ஓட்டுவது ரயில்வே. கேட்டால் நியாயமான பங்கீடு மாதிரித் தெரியும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தண்டவாளம் ஒருவர் பொறுப்பு. ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே உள்ள தெரு, விளக்கு, நடைபாதை மாநகராட்சி பொறுப்பு. பஸ் இன்னொரு அமைப்பின் பொறுப்பு. அப்படியானால் பிளாட்பாரத்திலிருந்து பஸ் ஸ்டாப் வரை உள்ள ஐந்நூறு அடி யார் பொறுப்பு? யாருடையதும் இல்லை. என் சித்தப்பா பையன் தொலைந்துபோனது அந்த ஐந்நூறு அடியில்தான். இந்த எல்லாத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர ஒரு போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் வந்தது 2010-ல்தான். அப்போது ரயில் ஓடத் தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

இன்னொரு கனவும் இருந்தது. ஸ்டேஷன்களை ஏன் அவ்வளவு பிரம்மாண்டமாகக் கட்டினார்கள் என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். திருமயிலை ஸ்டேஷனில் ஒரு கல்யாண மண்டபமே நடத்தலாம். காரணம், அந்த மாடிகளைக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணம். எண்ணம் தப்பில்லை. ஹாங்காங்கில் ரயில் நிறுவனம் ஸ்டேஷனுக்கு மேலேயே வீடுகளும் கடைவீதிகளும் எழுப்பி, அதில் வரும் பணத்தில் ரயிலையும் வளர்த்தது. ஆனால் அங்கே ரயிலும் கட்டடமும் ஒரே கையில் இருந்தன, அதோடு ஸ்டேஷன் ஊரின் நடுவில் இருந்தது. இங்கே கொல்லைப்புறத்தில் கட்டிவிட்டு, வாடகைக்கு ஆள் வரவில்லையே என்று காத்திருந்தார்கள். காலியான மாடிகள் இருண்டன. இருட்டுக்குப் பயந்து பெண்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருவதைத் தவிர்த்தார்கள். ஆள் குறைந்ததும் இருட்டு இன்னும் கூடியது. தமிழ் சினிமாக்காரர்களுக்கு மட்டும் அடிதடிக்கும் துரத்தலுக்கும் வசதியான இடம் கிடைத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் குற்றப்பத்திரிகை. இனி வாதத்தின் மறுபக்கம்.

"யாரும் ஏறல" என்பது பொய். காலை ஒன்பது மணிக்குத் திருவான்மியூர் ஸ்டேஷனில் போய் நின்று பாருங்கள். பக்கத்தில் டைடல் பார்க், 2000-ல் திறந்தது. ரயில் வந்து நின்றதும் படிக்கட்டு முழுக்கத் தலைதான். வேலை செய்யும் இடத்தின் வாசலில் ஸ்டேஷன் இருந்தால் ஜனம் தானாக வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மொத்த வழித்தடத்திலும் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் பயணிகள் என்று குறை சொல்வார்கள். எதிர்பார்த்தது அதைப்போலப் பல மடங்கு என்பதும் சரிதான். ஆனால் மதியத்தில் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருந்து, இறங்கிய பிறகு பஸ்ஸும் இல்லாமல், இருட்டு மாடி இறங்கியும் ஒரு லட்சம் பேர் வருகிறார்கள் என்றால், அது தோல்வியின் எண் இல்லை. தேவையின் எண்.

2023 ஆகஸ்ட் கடைசியில் இதற்கு ஒரு பரீட்சையே நடந்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நாலாவது பாதை போடுவதற்காக, பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். திரும்பக் கடற்கரைக்கு ஓட 2024 அக்டோபர் ஆகிவிட்டது. அந்தப் பதினாலு மாதம் பெருங்குடியில் என்னோடு ஏறுகிறவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பாரிமுனையில் கடையில் நிற்கிறவர்கள், சென்ட்ரலுக்குப் போகிறவர்கள், அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகும் வயசானவர்கள். பைக் வைத்திருந்தவர்கள் பைக்குக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, மறுபடி ஒரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, கூட ஒரு மணி நேரம் செலவழித்து, அதே ரயிலில் வந்தார்கள். போக வேறு வழி இல்லாதவர்கள். இந்த வழித்தடத்தை எடைபோடும்போது இவர்களைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

தெற்கு முனையில் என்ன ஆனது என்று பாருங்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர். அங்கே தாம்பரம் மின்சார ரயிலும் இருக்கிறது, மெட்ரோவும் இருக்கிறது. அதைத் தொட்டு இந்த ஒற்றை வால் வழித்தடத்தை ஒரு வளையத்தின் பகுதியாக்குவதுதான் திட்டம். வேலை தொடங்கியது 2008-ல். நாலரை கிலோமீட்டர் கட்டியாகிவிட்டது. மீதி அரை கிலோமீட்டரில் நில இழப்பீட்டு வழக்குகள், பல ஆண்டுகள். 495 கோடி என்று போட்ட மதிப்பீடு 734 கோடிக்குப் போனது. 2024 ஜனவரியில் தில்லை கங்கா நகர் பக்கம் பாலத்தின் ஒரு பகுதி சரிந்தும் விழுந்தது. கால்வாய் மேலே சுலபமாகப் போனவர்களுக்கு, ஜனங்கள் வாழும் தெருவுக்குள் அரை கிலோமீட்டர் போகத் தெரியவில்லை. சுலபமான நிலத்தைத் தேடிப் பழகியதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டிய விலை அது.

இப்போது புதிதாக ஒரு காட்சி. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி போகும் பாதையின் ஸ்டேஷன் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? எல்லாம் பறக்கும் ரயிலின் பெயர்கள். ஏற்கெனவே ஒரு ரயில் போகும் ஊர்களுக்கு இன்னொரு ரயில். ஆனால் இது சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் போகிறது. அதில் ஒரு பெருங்குடியும் உண்டு, இந்த முறை நிஜமாகவே ஓ.எம்.ஆரில்! முப்பது வருஷம் கழித்து நகரம் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

கூடவே, பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்கும் பேச்சு. ரயில்வே வாரியம் 2025-ல் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. நண்பர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பாதி மனதோடு தட்டினேன். ஸ்டேஷனில் விளக்கு எரியும், நகரும் படிக்கட்டு நகரும், ராத்திரி பத்து மணிக்கும் ஒரு பெண் பயமில்லாமல் இறங்கலாம். ஐந்நூறு அடிக்கும் ஒரு சொந்தக்காரர் கிடைப்பார். இதெல்லாம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

மீதிப் பாதி மனசு டிக்கெட்டில் நிற்கிறது. பறக்கும் ரயிலில் ஐந்து ரூபாய், மிஞ்சினால் பத்து. சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் கம்மி. மெட்ரோவில் ஆரம்பமே பத்து, உச்சம் ஐம்பது. பெருங்குடியிலிருந்து காலையில் வீட்டு வேலைக்கு அடையாறு, மந்தைவெளி போகும் அம்மாக்கள் என்னோடு தினமும் ஏறுகிறார்கள். ஒருவரிடம் கேட்டேன், மெட்ரோ மாதிரி ஆகப்போகுதாம், சந்தோஷமா என்று. "ஏசி எல்லாம் போடுவாங்களா தம்பி? அப்ப டிக்கெட்டும் ஏறுமே" என்றார். ஒரே வரியில் முழு விமரிசனமும் முடிந்துவிட்டது. நான் இங்கே நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறேன்.

முப்பது வருஷம் இருட்டிலும் நாற்றத்திலும் இந்த ரயிலைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். விளக்கு எரியத் தொடங்கும்போது அவர்களால் ஏற முடியாமல் போனால், அதற்குப் பெயர் மறுவாழ்வு இல்லை. இடம் அதேதான், ஆள் மாறிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆகவே இந்த இணைப்பு நடக்கும்போது நான் பார்க்கப்போவது புது பெயிண்டையோ புதுப் பெயர்ப்பலகையையோ இல்லை. இரண்டே விஷயம். ஒன்று, பெருங்குடி ஸ்டேஷன் வாசலில் ஓ.எம்.ஆருக்குப் போகும் ஒரு சின்ன பஸ் நிற்கிறதா. இரண்டு, அந்த அம்மா அடுத்த மாதமும் அதே ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறாரா.