கிழிவது ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபயரா?

பாஸைக் கூட்டியதும் சத்தம் கிழிந்தால் பழி முதலில் ஸ்பீக்கர் மேல்தான் விழும். காதால் கேட்டே தீர்ப்புச் சொல்வது நம் வழக்கம். அதை எவ்வளவு நம்பலாம்?

காதின் பக்கமும் நியாயம் உண்டு. பவர் சப்ளை தரும் வோல்டேஜுக்கு மேல் எழ முடியாத ஆம்ப்ளிஃபயர், அலையின் உச்சியைச் சீவிவிடுகிறது, இதுவே கிளிப்பிங். 40 ஹெர்ட்ஸ் ஒலி சீவப்பட்டால் 120, 200, 280 என ஒற்றைப்படை மடங்குகளில் புதிய ஒலிகள் முளைக்கும். 40 ஹெர்ட்ஸில் மந்தமான காது 200இல் கூர்மையானது. ஆகவே தனித் தொனியை ஓடவிட்டு வால்யூமைக் கூட்டினால், உறுமல் திடீரெனக் கரகரப்பதைப் பழகாத காதும் பிடித்துவிடும்.

பாட்டில்தான் ஏமாறுகிறோம். பாஸ் கிடாரிலும் கிக் டிரம்மிலும் மேல்மடங்குகள் ஏற்கெனவே உண்டு. லேசான கிளிப்பிங் அவற்றோடு கலந்து, ‘அடி நல்லா விழுது’ என்ற பாராட்டைக்கூட வாங்கிக்கொள்கிறது. பாஸ் குமிழை 10 டெசிபெல் ஏற்றுபவர் அந்தக் கீழ்ச்சுருதிக்கு 10 மடங்கு வாட் கேட்கிறார். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பி.எம்.பி.ஓ. என்ற ஊதிப் பெருக்கிய வாட் எண்ணை நம்பி வாங்கியவருக்கு இது எங்கே தெரியப்போகிறது!

இதைவிடப் பெரிய குறை, கோளாறு இருப்பதைச் சொல்லும் காது அது எங்கே என்று சொல்லாதது. அலைவெண் பாதியானால், அதே சத்தத்துக்கு ஊஃபரின், அதாவது பாஸ் ஸ்பீக்கரின், கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். எல்லை மீறிய ஊஃபரும் கரகரக்கும். பீரோ கதவும் சேர்ந்து அதிரும். போனின் ஈக்வலைசரில் பாஸை ஏற்றியிருந்தால் அலை ஆம்ப்ளிஃபயருக்கு வருமுன்பே சீவப்பட்டிருக்கலாம். முதலில் அந்த ஈக்வலைசரை அணைத்துவிட வேண்டும்.

பிறகு மேல்சுருதிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கேட்கலாம். 40 ஹெர்ட்ஸ் தொனி மட்டும் ஓடும்போது அது ஊமையாக இருக்க வேண்டும். தாளைக் குழலாகச் சுருட்டி அதன் முன் வைத்துக் கேட்கையில் ‘ஸ்ர்ர்’ என்று இரைந்தால் சந்தேகம் ஆம்ப்ளிஃபயர் மேல்தான். ஊஃபர் திணறுவது கம்பி வழியாக ட்வீட்டருக்குப் போகாது. சீவப்பட்ட அலையின் மேல்மடங்குகளே, கீழ்ச்சுருதியைத் தடுக்கும் கிராஸ்ஓவரைத் தாண்டி அங்கே போகும். சில விநாடிகள் போதும், நீட்டினால் ட்வீட்டர் காயில் கருகும்.

தனி ஆம்ப்ளிஃபயரோடு வரும் சப்ஊஃபரில் இந்தச் சோதனை பலிக்காது, அங்கே ட்வீட்டரே கிடையாது. பலவற்றில் அலையை எல்லைக்குள் அடக்கும் லிமிட்டர் இருப்பதால் கரகரப்பும் எளிதில் வராது. வால்யூமை ஏற்ற ஏற்றப் பாட்டு உயர்ந்துகொண்டே போக, பாஸ் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.