இரு நண்பர் நகையும் நீதியும்

துப்பறியும் நாவலில் நகைச்சுவை வெறும் அலங்காரமே என்னும் கருத்து மீளாய்வுக்குரியது. அமெரிக்க எழுத்தாளர் ஜோ லான்ஸ்டேல் 1990 இல் தொடங்கிய நாவல் வரிசை இதற்குத் தக்க சான்றாகும். அதன் நாயகர் கிழக்கு ரெக்சாஸைச் சேர்ந்த இரு தொழிலாளர். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்துச் சிறைசென்ற வெள்ளையர் ஹப். அப்போரிலே பங்குகொண்ட, தற்பாலீர்ப்புடைய கறுப்பினத்தவர் லெனார்ட். இருவரும் ஒருவரையொருவர் ஓயாது கேலி செய்கின்றனர். ஒருவர்க்கொருவர் மேலோரல்லர் ஆதலின் அக்கேலி புண்படுத்துவதில்லை.

அவர்களைச் சூழ்ந்த சமூகத்திலோ அச்சமத்துவம் இல்லை. 1994 இல் வெளிவந்த இரண்டாம் நாவலில், லெனார்டுக்கு உரிமையான வீட்டுத் தரையின்கீழ் சிறுவன் ஒருவனின் எலும்புக்கூடு கிடைக்கின்றது. கறுப்பினச் சிறுவர் காணாமற்போனமை பொலிசாரின் கவனத்தைப் பெறவில்லை என்பதும் புலனாகின்றது. நகைப்பு இக்கொடுமையை மறைக்கவில்லை, மாறாக, கூர்மைப்படுத்துகின்றது.

எனினும், குற்றம் துலங்கியதும் கதை நிறைவுறுகின்றது. அக்கறையின்மையை வளர்த்த அமைப்பு நிலைத்து நிற்கின்றது. இருவரின் கைவலிமையில் தங்கிய நீதி சமூக நீதியாகாது என்பதே இவ்வரிசையின் எல்லை எனலாம்.