திரை கிழிந்தால் யார் பொறுப்பு?

லினக்ஸில் கேம் விளையாடுகிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் அவரிடம் போய் ‘எக்ஸா, வேலேண்டா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்று மாலை உங்களுக்கு வேறு வேலை நடக்காது. நான் கேட்டேன், அக்கா பையனிடம். காபி ஆறி ஏடு கட்டிவிட்டது.

லினக்ஸில் லாகின் செய்கிற இடத்தில், ஓர் ஓரமாகச் சின்னப் பல்சக்கரம் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால், திரையில் படம் காட்டும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்கும். பல வருடங்களாக அங்கே இரண்டு பெயர்கள். எக்ஸ் 11, வேலேண்ட். சண்டை இதுகளுக்கு நடுவில்தான்.

எக்ஸ் 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. பதினோராவது பதிப்பு 1987-ல். அதோடு எண்ணை நிறுத்திவிட்டார்கள். புரோகிராம் ஓர் இயந்திரத்தில் ஓடும், படம் இன்னொரு அறையில் இருக்கும் திரையில் தெரியும் என்ற காலத்துக்கு எழுதியது. என்னைப் போலவே நாற்பதைத் தாண்டி, முட்டி வலியோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் பி.காம். எனக்குப் புரிகிற பாஷையில் எக்ஸ் ஒரு தரகர். புரோகிராம் தரகரிடம் சொல்லும். தரகர் அதை, ஜன்னல்களை எல்லாம் ஒன்றாகக் கோத்துப் படமாக்கும் கம்பாசிட்டரிடம் கொடுப்பார். கம்பாசிட்டர் முடித்துத் திரும்பத் தரகரிடமே தருவார். அப்புறம்தான் திரை. கேம் முழுத் திரையில் ஓடும்போது பல கம்பாசிட்டர்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். வேகம் கிடைக்கும். ஆனால் மானிட்டர் பாதிப் படம் வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்து விழும். மேல் பாதியில் பழைய காட்சி, கீழ் பாதியில் புதுக் காட்சி, நடுவே ஒரு வெட்டு. திரை கிழிகிறது என்பார்கள்.

2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்ற புரோகிராமர், ஓய்வு நேர வேலையாக ஒன்றை ஆரம்பித்தார். தரகரையே தூக்கிவிடலாம், கம்பாசிட்டரே கடை முதலாளியாக இருக்கட்டும் என்பது யோசனை. மாசசூசெட்ஸில் வேலேண்ட் என்ற ஊர் வழியாகக் காரில் போகும்போது தோன்றியதாம். அதனால் அந்தப் பெயர். ஒவ்வொரு ஃப்ரேமும் குறையில்லாமல் வரவேண்டும் என்பது கொள்கை. 2012-ல் 1.0 வந்தது.

கொள்கை அருமை. அங்கேதான் வம்பும் ஆரம்பம். சுட்டுத் தள்ளுகிற கேம் ஆடுபவர்களுக்குக் கிழிசல் ஒரு பொருட்டே இல்லை. எதிராளி சில மில்லி செகண்ட் முன்னால் தெரிந்தால் போதும், திரை கிழிந்தால் கிழியட்டும் என்பார்கள். வேலேண்ட் அதை அனுமதிக்கவில்லை. உன் நன்மைக்குத்தான் என்றது. ‘கிழிந்தாலும் பரவாயில்லை’ என்று ஒரு கேம் விண்ணப்பிக்க வழி வந்தது 2022 நவம்பரில். கொள்கைப் பிடிப்பு நல்லதுதான். அதற்காக ஆடுகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கப் பதினாலு வருஷமா?

அடுத்தது என்விடியா விவகாரம். கேம் பிரியர்களில் ஏகப்பட்ட பேர் வைத்திருப்பது அந்த கார்டுதான். படத்தை எந்த வழியில் திரைக்குக் கொடுப்பது என்பதில் மற்றவர்கள் ஒரு முறையைப் பிடித்துக்கொள்ள, என்விடியா தனி முறை வைத்துக்கொண்டது. 2021-ல்தான் ஊரோடு ஒத்துப் போனது. அதற்குப் பிறகும் படம் மினுக்கியது. போன ஃப்ரேம் திரும்பி வந்து எட்டிப் பார்த்தது.

காரணத்தைக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். கணக்குப் பாடம்! கார்டு ஒரு ஃப்ரேமை வரைந்து முடித்துவிட்டதா என்று கம்பாசிட்டருக்கு எப்படித் தெரியும்? இன்டெல், ஏ.எம்.டி. டிரைவர்களில், லினக்ஸின் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய கணக்குப்பிள்ளை அதை மனக்கணக்காக ஞாபகம் வைத்துக்கொள்வார். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். என்விடியா டிரைவரில் அந்தக் கணக்குப்பிள்ளை கிடையாது. வரைந்து முடியாத சரக்கே கடைக்கு வந்துவிடும். 2024-ல் வவுச்சர் முறை கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் ‘வேலை முடிந்தது’ என்ற சீட்டோடு வரும், சீட்டு வந்த பிறகுதான் திரைக்குப் போகும். அதே வருடம் என்விடியா டிரைவரும் அதை ஏற்றுக்கொண்டது. மினுக்கல் பெரும்பாலும் அடங்கியது. வவுச்சர் இல்லாமல் வியாபாரம் பண்ணாதே என்று காலேஜில் முதல் வருஷமே சொல்லித் தந்துவிட்டார்கள் சார்.

அதுவரைக்கும் கேட்டவர்களுக்கு என்ன பதில்? வேலேண்ட்காரர்கள் டிரைவரைக் கைகாட்டினார்கள். டிரைவர்காரர்கள் விதிமுறையைக் கைகாட்டினார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விளையாட உட்கார்ந்தவன் முன்னால் திரை மினுக்கிக்கொண்டிருந்தது. என் கோபம் இதில்தான், தொழில்நுட்பத்தில் இல்லை.

‘எது வேகம்?’ என்று புள்ளிவிவரத்தோடு அடித்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு செகண்டில் 59 ஃப்ரேம்கள் தலா 15 மில்லி செகண்டில் வந்துவிட்டன, ஒன்றே ஒன்று மட்டும் 115 எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். கூட்டினால் சரியாக ஆயிரம். சராசரி 60 ஃப்ரேம், பிரமாதம். ஆனால் அந்த ஒரு ஃப்ரேமில்தான் உங்களைச் சுட்டுவிட்டார்கள். சராசரியை மட்டும் காட்டுகிற பாலன்ஸ் ஷீட்டை நான் நம்புவதில்லை.

நிலைத்தன்மையில் எக்ஸுக்கு இன்னும் ஒரு மார்க் அதிகம் போடுவேன். அங்கே ஜன்னல்களை நிர்வகிக்கும் புரோகிராம் மயங்கி விழுந்தாலும் தரகர் நிற்பார், கேம் பிழைக்கும். வேலேண்டில் முதலாளி விழுந்தால் கடையே விழுந்தது. கே.டி.ஈ.காரர்கள் 2024-ன் பிளாஸ்மா 6-ல், க்யூட்டி நூலகத்தில் எழுதிய செயலிகள் தப்பிக்க வழி செய்தார்கள். கேம்கள் பெரும்பாலும் அந்த ரகம் இல்லை. இதற்கு மாறாக, எக்ஸில் நீங்கள் தட்டுகிற பாஸ்வேர்டை எந்தப் புரோகிராமும் பக்கத்தில் நின்று படிக்கலாம். வேலேண்ட் அந்தக் கதவைச் சாத்தியது. அதற்கு முழு மார்க்.

இவ்வளவு தகராறையும் தாண்டி வேலேண்டில் கேம் சுகமாக ஓடும் என்று ஊருக்குக் காட்டியது ஒரு கடைக்காரர். வால்வ் கம்பெனி 2022 பிப்ரவரியில் விற்க ஆரம்பித்த ஸ்டீம் டெக். கையடக்கம், உள்ளே லினக்ஸ், கேம் ஓட்டுவது கேம்ஸ்கோப் என்கிற வேலேண்ட் கம்பாசிட்டர். வேடிக்கை என்னவென்றால், அதே டப்பாவின் டெஸ்க்டாப் பகுதி வந்தபோது எக்ஸில்தான் இருந்தது. கேம்ஸ்கோப்புக்குள் கேம்கள் வந்து சேருவதும் எக்ஸ்வேலேண்ட் என்ற பழைய எக்ஸின் சின்ன அவதாரம் வழியாகத்தான். வால்வ் ஜெயித்தது புதுசு பழசு பார்த்து அல்ல. டிரைவர், கம்பாசிட்டர், திரை எதில் கோளாறு வந்தாலும் வாங்கியவர் அவர்களைத்தான் திட்டுவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விரல் நீட்ட வேறு ஆள் இல்லை.

மேஜைக் கம்ப்யூட்டரில் அந்த ஒரே ஆள் கிடையாது. ஆனாலும் பழைய கடைக்குப் பூட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் வந்த ஜினோம் 49, எக்ஸ் வசதியை அணைத்து வைத்தது. அடுத்த மாதமே உபுண்டு 25.10-ல் பல்சக்கரப் பட்டியலிலிருந்து எக்ஸ் போய்விட்டது. பிளாஸ்மா 6.8-ல் நாங்களும் எடுத்துவிடுவோம் என்று நவம்பரில் கே.டி.ஈ. அறிவித்தது. பழைய புரோகிராம்களுக்கு எக்ஸ்வேலேண்ட் தொடரும்.

புது கார்டு, புது டிரைவர் வைத்திருந்தால் தயங்காமல் வேலேண்டுக்குப் போங்கள். பழைய கார்டு என்றால், இரண்டும் இருக்கும் பதிப்பை வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த கேமை இரண்டிலும் அரைமணி ஆடிப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணைப் பார்க்காதீர்கள், கையில் படுகிறதா என்று பாருங்கள்.

அக்கா பையன் இன்னும் எக்ஸில்தான் ஆடுகிறான். அப்டேட் செய் என்று திரை தினமும் கேட்கிறதாம். ‘செஞ்சா அந்தச் சக்கரத்துல ஒரு பேருதான் இருக்கும் மாமா’ என்றான். ‘அப்புறம்’ என்ற பட்டனை அழுத்திவிட்டு ஆட ஆரம்பித்தான்.