கொப்பி வருகிறது, ஆள் வருவதில்லை

சீனி வருத்தமோ பிரஷரோ உள்ள ஒருவர், காசில்லை என்பதற்காகத் திருகோணமலை மாவட்டத்தில் குளிசை போடாமல் இருக்க வேண்டியதில்லை. மாதம் ஒருதரம் கிளினிக் கொப்பியோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தால் அடுத்த கிளினிக் வரைக்குமான மருந்து கைக்கு வரும். பாமசியில் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்தக் கிளினிக்குகளில் வேலை செய்த தாதி நான். யாராவது இதைக் கைவிடச் சொன்னால் முதல் ஆளாக எதிர்ப்பேன். குறை சொல்வதும் அந்த உரிமையில்தான்.

ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா விடிய முதல் பஸ்ஸில் ஏறுகிறார். இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் இரவுக்குப் பிறகு சாப்பாடில்லை. துண்டு எடுத்து, கொப்பியை அடுக்கில் வைத்து, வாங்கில் இடமில்லாமல் சுவரோரம் நிற்கிறார். பெயர் கூப்பிட்டதும் ஓடிவந்து உட்கார்ந்தவரின் கையில் உடனே பிரஷர் பட்டியைச் சுற்றுகிறோம். ஐந்து நிமிடமாவது ஆறியிருக்கவிட்டு அளக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். பின்னால் நிற்கும் வரிசை அதற்கு விடுவதில்லை. அளவு கூடத்தான் காட்டுகிறது. டொக்டருக்குக் கிடைப்பதோ ஓரிரண்டு நிமிடம். கொப்பியில் நாங்கள் எழுதிய எண்ணைப் பார்த்துக் குளிசையைக் கூட்டுகிறார். அந்த அம்மாவின் உண்மையான பிரஷர் எவ்வளவு என்று அன்றைக்கு அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. டொக்டருக்குத் தமிழ் வராவிட்டால் மொழிபெயர்ப்பும் எங்கள் தலையில். வழியெல்லாம் அவர் மனதில் அடுக்கிக்கொண்டு வந்த கரைச்சல்கள் ஒரு வசனமாகச் சுருங்கிவிடும்.

மீன்பிடிக் குடும்பங்களில் வேறு சிக்கல். இந்தக் கரையில் மார்கழி, தையில் கடல் கொந்தளிக்கும். பங்குனியில் அடங்கிய பிறகு தொழில் சூடுபிடிக்கும். கிளினிக் நாளைக் கடலைப் பார்த்து யாரும் குறிப்பதில்லை. மனுசன் தொழிலுக்குப் போய்விட, கொப்பியை மனைவி கொண்டுவருகிறார். "மிஸ்ஸி, இந்தமுறை மட்டும்" என்று கேட்கும்போது மறுக்க மனம் வராது. மாதக்கணக்காக ஆளைப் பாராமலே மருந்து போன கொப்பிகளைக் கண்டிருக்கிறேன். அதையும்விடப் பயமானது கொப்பியும் வராமல் போவது. அப்படி நின்றுபோனவர் யார் என்று அன்றன்றைக்குப் பார்க்க ஒழுங்கான பட்டியல் இல்லை, தேடிப்போக ஆளும் இல்லை. ஆறாத கால் புண்ணோடு வார்ட்டில் படுக்கும்போதுதான் அவரை மறுபடி காண்கிறோம்.

இதே மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணி கிளினிக்கைத் தவறவிட்டால் குடும்பநல உத்தியோகத்தர் அவர் வீட்டு வாசலுக்குப் போவார். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்பது அவர்களுக்கான கணக்கு. கர்ப்பம் தரிக்க முன்னரே தம்பதிகளின் பெயர் அவருடைய பதிவேட்டில் ஏறிவிடும். 1926இல் களுத்துறையில் ஆரம்பித்த சுகாதாரப் பிரிவு முறையின் வழியில் வளர்ந்த வேலை இது. இலங்கையின் தாய் மரணம் ஒரு இலட்சம் பிறப்புக்கு 30 அளவுக்கு இறங்கியதில் இந்த நடைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் இன்றைக்கு நாட்டில் நடக்கும் பத்து மரணங்களில் எட்டு, தொற்றா நோய்களால் நடப்பவை. நாற்பது, ஐம்பது வயதுக்காரரின் வாசலுக்குப் போக அப்படி ஒருவரை நாம் இன்னும் உண்டாக்கவில்லை.

மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகவேண்டும் என்பதும் மாற்ற முடியாததல்ல. 2020 ஊரடங்கில் தபால்காரர்கள் கிளினிக் மருந்தை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப்போய்ப் பிரஷர், சீனி பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். மனதார மெச்சுகிறேன். ஆனாலும் அவ்வளவு பெரிய வேலையைச் சொற்ப மதிப்பூதியத்தில் சுமத்துவது எனக்கு உடன்பாடில்லை. மருந்து மட்டும் வீட்டுக்குப் போய், காலையும் கண்ணையும் யாரும் பார்க்காவிட்டால் எங்கள் குறைதான் அங்கேயும் முளைக்கும்.

எங்கள் மாவட்டத்துக்கு நான் விரும்புவது இடைப்பட்ட ஒரு வழி. நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தை நிலாவெளி, புல்மோட்டை போன்ற கிட்டிய ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கலாம். 2022 தட்டுப்பாட்டில் ஒரு மாத மருந்துக்கே திண்டாடினோமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கையிருப்பு உறுதியில்லாமல் இதைத் தொடங்கக்கூடாது. கிட்டிய ஆஸ்பத்திரியில் சனத்துக்கு நம்பிக்கையும் வரவேண்டும். 2009இல் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்தவர்கள் திருகோணமலைப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போவது இலகுவாகிவிட்டது. சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து இருக்குமா, டொக்டர் நிற்பாரா என்று தெரியாத சனம் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவதில் பிழையே இல்லை.

தாதியர் பலர் வெளிநாடு போய்விட்டார்கள், இருப்பவர்களுக்கு வார்ட்டு வேலையே தலைக்குமேல். ஆகவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கிளினிக் நாளில் பின்னேரம் ஒரு தாதிக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால், வராதவர்களின் பட்டியலைத் தயாரித்துத் தொலைபேசியில் கூப்பிடலாம். பதிலில்லாதவரின் முகவரி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகட்டும். அங்குள்ள பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தருக்கு வீடு தேடிப்போக ஒரு வாகனமும் கிழமையில் ஒரு நாளும் கொடுக்கட்டும்.